ஜேர்மன் குளிசையா, இந்தியக் குளிசையா

உங்கள் அம்மாவோடு ஒரு காலத்தில் தொலைபேசியில் பேசியவர்கள் எல்லோரும் அவரை "சேர்" என்று கூப்பிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முந்திய கதை அது. விடியற்காலையில் அம்மா ஒரு குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, தேத்தண்ணி ஊற்றாமல் வீட்டையே காக்க வைக்கிறாரே, ஏன் என்று போன கிழமை கேட்டீர்கள். "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. கடையில் பில் எழுதிய கைக்கு இவ்வளவு எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் இந்தக் கதையை என்னை விட்டால் சொல்ல ஆளில்லை. அம்மாவிடம் கேட்டால் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

அப்போது நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து இருந்தோம். நான் வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு சீலைக் கடையில் வேலை. அம்மா கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் டெலிபோன் ஒப்பரேட்டர். கம்பனிக்கு வருகிற அழைப்பெல்லாம் முதலில் அவருடைய காதுக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் ஒரு வணக்கம், சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. பிறகு உரிய ஆளுக்கு இணைத்துவிடுவார். நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குரலைக் கேட்டவன். முதலாளியின் துணிப் பொதி துறைமுகத்தில் நின்றுவிட்டால் அதை விசாரிக்க அந்தக் கம்பனிக்கு எடுக்கிறவன் நான். "கொஞ்சம் பொறுங்கோ, இணைக்கிறன்" என்று அந்தக் குரல் சொல்லும்போது, இணைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று இருக்கும். பொதி வந்து சேர்ந்த பிறகும் நான் விசாரித்துக்கொண்டிருந்தேன் என்பதை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

கலியாணம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பிறகு களைப்பு வந்தது. சீப்பில் தலைமயிர் கொத்தாக வந்தது. கொழும்பு வெக்கையில், நான் பனியனோடு வேர்த்து வழிய, அவர் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். வெள்ளவத்தையில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர். கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். இரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோம்பிப்போய்விட்டது என்றார். அது சுரக்க வேண்டியதை இனிமேல் குளிசையாகக் கொடுக்க வேண்டும்.

"எவ்வளவு காலத்துக்கு, டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அவ உம்மோட இருக்கிற காலம் முழுக்க" என்றார். "காலையில, வெறும் வயித்தில, ஒண்டு. அவ்வளவுதான். பயப்பிட ஒண்டுமில்லை."

நான் வேலை செய்த கடைக்குப் பக்கத்துப் பாமசியில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். தெருவுக்கே அவர் நானாதான், எல்லோருக்கும் அண்ணன். அவர் தந்தது இந்தியக் குளிசை. அதைத் தொடங்கிச் சில கிழமைகளில் அம்மாவின் குரல், மழை விட்ட பிறகு தெரு தெளிகிற மாதிரி, மெல்ல மெல்லத் தெளிந்தது. கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். உங்கள் பெரியம்மா இல்லாவிட்டால்.

பெரியம்மாவை நீங்கள் அறிவீர்கள். தங்கச்சி என்றால் உயிர். அப்போதும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருந்தார். மூத்த மகன் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்திருந்த காலம். வீட்டில் சவர்க்காரம், சொக்லட், கத்திரிக்கோல் எல்லாமே ஜேர்மன்.

"வாழ்நாள் முழுக்க விழுங்கப் போற மருந்து" என்றார் பெரியம்மா. "அதைப் போய் இந்தியாக்காரனிட்ட வாங்கி விழுங்கிறியோடி? பெடியனிட்டச் சொல்லிப்போட்டன். அவன் அனுப்புவான்."

"இதுவும் நல்லாத்தானேக்கா வேலை செய்யுது" என்றார் அம்மா.

"நல்லா வேலை செய்யிறதே இப்பிடியெண்டால், ஜேர்மன் எப்பிடி வேலை செய்யும் எண்டு யோசிச்சுப் பார்."

பெரியம்மாவின் நியாயம் எனக்குப் புதிதில்லை. என் கடையிலும் அப்படித்தான். ஒரே சீலையை இரண்டு இடத்தில் வைத்து, ஒன்றில் வெளிநாட்டுச் சீட்டு ஒட்டினால், அந்தப் பக்கம்தான் கை போகும். ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் பயணப் பெட்டிக்குள் துவாயில் சுற்றி வந்தது ஜேர்மன் குளிசை. வெள்ளைப் பெட்டி, எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. கூடவே தலைமயிர் கொட்டாமல் இருக்க என்று ஒரு போத்தல் சத்துக் குளிசை. இரும்பும் சுண்ணாம்பும் எல்லாம் அதில் இருக்குதாம். அம்மா ஜேர்மன் குளிசைக்கு மாறினார்.

அதே நாட்களில்தான் கோட்டையில் குண்டு வெடித்தது. எந்தக் குண்டு என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் அப்படிச் சொல்லிப் பிரிக்க முடியாது. கந்தோர் யன்னல் கண்ணாடியெல்லாம் உள்ளே வந்து விழுந்தது. அம்மா மேசைக்குக் கீழே இருந்து எழும்பி வந்தபோது காதில் மாட்டும் கருவி காதிலேயே இருந்ததாம், உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டார். இனி ஒவ்வொரு நாளும் விடியற்பூசை கண்டுவிட்டுத்தான் கந்தோருக்குப் போவது என்று. இருட்டோடு எழும்பி, கோயிலுக்குப் போய், பூசையில் நற்கருணை அப்பமான நன்மையை எடுத்து, அங்கேயிருந்து நேரே பஸ் ஏறுவார். நான் அந்த நேர்த்தியை ஒரு சொல்லும் சொல்லித் தடுக்கவில்லை. எனக்கும் அது தேவையாக இருந்தது.

பிறகு குரல் மறுபடி போனது. இந்த முறை கரகரப்பு மட்டுமில்லை, ஒரேயடியாகத் தடித்துவிட்டது. ஒரு கப்பலின் கப்டன் "குட் மோர்னிங், சேர்" என்றானாம். சிங்களத்தில் எடுத்தவர்கள் "மஹத்தயா", ஐயா, என்றார்களாம். முதல் நாள் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சில நாளில் சிரிப்பு நின்றது. மனேஜர் நல்ல மனுஷன். ஏசவில்லை. ஆனால் அம்மாவைக் கோப்பு அறைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய கதிரையில் ஒரு புதுப் பிள்ளையை இருத்தினார். கிறிஸ்மஸுக்குள் குரல் வராவிட்டால் அந்தப் பிள்ளைதான் நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தக் கதிரை அம்மாவுக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில், பிறகு நாங்கள் குடியிருந்த அதே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தத் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் இவருடைய கையால்தான் கதைத்தன.

"கோப்புகளுக்குத் தூசி தட்டிக்கொண்டு இருக்கிறன்" என்று ஒரு பின்னேரம் சொன்னார். "அடுத்த அறையில மணி அடிக்கேக்க என்ர கை தானா எழும்புது."

இனி வீட்டில் ஒரே பேச்சு, எந்தக் குளிசை என்பதுதான். ஜேர்மன் ஒத்துவரவில்லை என்று நான் நினைத்தேன். நானாவிடம் போனேன்.

"நான் அப்பவே நெனச்சேன் தம்பி" என்றார் நானா. "நம்மட ஆளுக்கு நம்மட பக்கத்து மருந்துதான் சரி. ஒங்க மருந்து இந்தா ஈக்கி, எடுங்க."

மறுபடி இந்தியக் குளிசை. கிழமைகள் போயின. குரல் வரவில்லை. பெரியம்மாவுக்கு வெற்றி முகம். "பாத்தீங்களே தம்பி? பிழை ஜேர்மன்காரனில இல்லை." மறுபடி ஜேர்மன். குரல் வரவில்லை. நானாவுக்கு வெற்றி முகம். அம்மா கரம் விளையாட்டில் இரண்டு பக்கமும் அடிபடுகிற காய் மாதிரி இருந்தார். கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மாவே சொன்னார்: "ரெண்டையும் தூக்கிக்கொண்டு வாங்கோ. டொக்டருக்கு முன்னால வைப்பம். அவ ஒண்டைக் காட்டட்டும்."

அம்மா கந்தோரிலிருந்து நேரே டொக்டரிடம் வருவதாக ஏற்பாடு. நான் இரண்டு பெட்டிகளையும் பையில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். மருந்து. அந்தக் காலத்தில் தமிழன் பையில் மருந்து இருந்தால் அது வடக்கே யாருக்குப் போகிறது என்ற கேள்வி கூடவே வரும்.

"காட்டத?" என்றான். யாருக்கு?

"நோனாட்ட" என்றேன். மனைவிக்கு. கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "அய் தெகக்?" ஏன் இரண்டு?

என் சிங்களம் கடைச் சிங்களம். சீலையின் கரையையும் நிறத்தையும் பற்றி நன்றாகக் கதைப்பேன். மருந்தைப் பற்றி வராது. இது ஜேர்மன், இது இந்தியா, மனைவியின் அக்கா இதுதான் நல்லது என்கிறா, பாமசிக்காரர் அதுதான் நல்லது என்கிறார் என்று கையாலும் வாயாலும் சொல்லி முடித்தேன். அவனுடைய முகம் மெல்ல மாறியது. பக்கத்தில் நின்ற மற்றச் சிப்பாயைக் கூப்பிட்டு அவனுக்கும் சொன்னான். பிறகு உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி என்னிடம் கேட்டான்:

"இத்திங், ஹொந்த கோகத?" சரி, எது நல்லது?

"தாம தன்னெ நே" என்றேன். இன்னும் தெரியாது.

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பெட்டிகளைத் தானே பைக்குள் வைத்துத் தந்து, போ என்று கை காட்டினான். 

டொக்டரின் மேசையில் இரண்டு பெட்டிகளையும் வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பெட்டிகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புதிதாக எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார்.

"ரெண்டிலும் இருக்கிறது ஒரே மருந்து. அளவும் ஒண்டு" என்றார். "ஆனா இரத்தத்தைப் பாத்தா நீர் குளிசையே போடாத ஆள் மாதிரி இருக்கு. ஒழுங்காப் போடுறீரோ?"

"ஒரு நாளும் விட்டதில்லை, டொக்டர்."

"வெறும் வயித்தில?"

"ஓம் டொக்டர். வெறும் வயித்திலதான்." அம்மா பொய் சொல்லவில்லை. அதற்கு முன்பும் ஒவ்வொரு தரமும் இதே கேள்விக்கு இதே பதில்தான் சொல்லியிருந்தார்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "சரி பிள்ளை. நீர் காலமை எழும்பினதில இருந்து எல்லாத்தையும் சொல்லும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அம்மா சொன்னார். எழும்புவது, முகம் கழுவுவது, கோயில், பூசை, நன்மை எடுப்பது. பிறகு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பால் தேத்தண்ணியும், இனிப்பு ரொட்டி, பணிஸும். நேர்த்திக்கு முன்பு எழும்பின கையோடு வீட்டில் தண்ணீரோடு போட்ட குளிசை, இப்போது அந்தத் தேத்தண்ணியோடு. அதே கையோடு பெரியம்மா தந்த சத்துக் குளிசையும்.

"தேத்தண்ணியோட?"

"அதுக்கு முன்னம் வயித்தில ஒண்டும் இல்லைத்தானே, டொக்டர்."

டொக்டர் தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. "குளிசை வயித்துக்குள்ள தனியா இருக்க வேணும் பிள்ளை. தண்ணியோட மட்டும். நீர் பாலையும் பணிஸையும் இரும்பையும் சுண்ணாம்பையும் அதுக்கு மேல கொட்டினா அது எங்க உடம்பில சேரும்? ஜேர்மன்காரனும் பாவம், இந்தியாக்காரனும் பாவம். எழும்பின உடன குளிசையைப் போடும். பூசைக்குப் போய் வரும். பிறகு தேத்தண்ணி. சத்துக் குளிசையைப் பின்னேரத்துக்கு மாத்தும்."

அம்மாவின் முகம் இறுகியது. "அது ஏலாது, டொக்டர்."

"ஏன்?"

"நன்மை எடுக்கிறதுக்கு முன்னம் நான் வாயில ஒண்டும் வைக்க மாட்டன். தண்ணியும் வைக்க மாட்டன்."

டொக்டர் விபூதி பூசுகிறவர். இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். அம்மா சின்னப் பிள்ளையாய் ஞானோபதேசம் படித்த காலத்தில் ஒரு வயதான கன்னியாஸ்திரி சொல்லிக் கொடுத்தது அது. பல்லு விளக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி உள்ளே போனாலும் அன்றைக்கு நன்மை இல்லை என்று. அம்மா அதை வளர்ந்த பிறகும் விடவில்லை. குரல் போனாலும், கதிரை போனாலும் விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நாளும் எந்தக் குளிசை என்று நாங்கள் சண்டை பிடித்தது வீண். இனித்தான் உண்மையான வழக்கு.

"அப்ப உங்கட சுவாமியிட்டக் கேட்டுப் பாரும்" என்றார் டொக்டர். "அவர் ஏலாதெண்டா வாரும், வேற வழி யோசிப்பம்."

அடுத்த நாள் பூசை முடிந்ததும் பங்குக் குருவான சுவாமியைக் கோயில் வாசலில் பிடித்தோம். வயது போனவர், கம்பு ஊன்றி நடக்கிறவர். அம்மா தன்னுடைய தடித்த குரலில், பாவசங்கீர்த்தனம் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

சுவாமி காதைச் சாய்த்துக் கேட்டார். "ஆர் பிள்ளை உமக்கு இதைச் சொன்னது?"

"சிஸ்டர், சுவாமி. சின்ன வயசில."

"அது பழைய காலத்துச் சட்டம். எப்பவோ மாத்தியாச்சு. தண்ணியும் மருந்தும் உபவாசத்தை முறிக்காது." அங்கியின் பைக்குள் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். "மருந்து சாப்பாடெண்டா நான் ஒவ்வொரு நாளும் விருந்து சாப்பிட்டுட்டுத்தான் பீடத்தில ஏறுறன். பிரஷருக்கு ஒண்டு, சீனி வருத்தத்துக்கு ஒண்டு, இந்த முழங்காலுக்கு ஒண்டு."

அம்மா நிமிர்ந்தார். நான் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். வந்தது கோபம்.

"அப்ப ஏன் சுவாமி இதைப் பிரசங்கத்தில சொல்லேல்லை?"

"குளிசை போடுற ஆக்கள் ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்ற சுவாமி, கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாற ஞாயிறு சொல்லிவிடுறன்" என்றார். சொல்லவும் செய்தார். பூசை முடிந்து வெளியே வந்த கிழவிகளில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

இனி எந்தக் குளிசை? அது இன்னும் தீரவில்லை. டொக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: "எதை எடுத்தாலும் சரி, ஆனா ஒண்டோட நில்லும். மாறி மாறிப் போடாதையும். இந்தச் சண்டைக்குள்ள எது இடைவிடாமல் உம்மட கைக்கு வரும் எண்டு யோசிச்சு எடும்." அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியம்மா வீட்டில் வைத்து அம்மா முடிவைச் சொன்னார். 

"அக்கா, நான் இந்தியக் குளிசையோட நிக்கப் போறன்."

பெரியம்மா கோப்பையை வைத்தார். "ஜேர்மன்காரன் செய்தா பிழைக்குமேடி? அவன்ர காரைப் பார்!"

"இது காரில்லை அக்கா. என்ர கழுத்து." அம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட மருந்தில ஒரு பிழையும் இல்லை. ஆனா அது வாறதுக்கு ஆள் வர வேணும். கட்டுநாயக்கா எயார்போட்டில ஏதும் நடந்தா ஆள் வராது. வந்தாலும் பெட்டியைக் கிளறிப் பாக்கிறவன் விட வேணும். நானான்ர பாமசிக்கு இவர் நடந்து போவார். எனக்கு நடந்து போய் வாங்கிற மருந்துதான் வேணும்."

பெரியம்மா தங்கச்சியின் கையைத் தட்டிக்கொடுத்தார். "சொக்லட் எண்டாலும் அனுப்பச் சொல்லட்டோ?" என்று கேட்டார். ஜேர்மன் பெட்டியைத் திருப்பி வாங்கியவர் அதை எறியவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் ஜேர்மன் பீங்கான் பக்கத்தில் வெகுகாலம் அது நின்றது. நீங்கள் சின்ன வயதில் அதை விளையாட்டுப் பெட்டி என்று கேட்டு அழுதிருக்கிறீர்கள்.

நானாவுக்கு நான் விஷயத்தைச் சொன்னபோது, தன் கட்சி வென்றதாகவே எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கென்று எப்போதும் ஒரு பெட்டியை மேசைக்குக் கீழே ஒதுக்கி வைத்தார். இந்தியாவிலிருந்து சரக்கு வராமல் பாமசித் தட்டுகள் காலியான நாட்களிலும் அந்தப் பெட்டி அங்கே இருந்தது.

குரல் ஒரே நாளில் வரவில்லை. அம்மா இருட்டில் எழும்பி, தண்ணீரோடு குளிசையை விழுங்கி, சிலுவை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். முதலில் போர்வை போனது. பிறகு மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நடுவில் ஒரு காலை, குளியலறைக்குள் கிறிஸ்மஸ் பாட்டு ஒன்றை முணுமுணுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.  பிறகு அதே பாட்டு, இந்த முறை உரக்க. கீழ்க் கடைக்காரர் மேலே பார்த்துக் கை தட்டினார்.

அன்றைக்கு அம்மா கந்தோரில் செய்ததை அவருடைய வாயாலேயே கேட்டேன். மனேஜரின் அறைக்குப் போகவில்லை. கோப்பு அறையில் இருந்த உள் தொலைபேசியை எடுத்து, மனேஜரின் இலக்கத்தைச் சுழற்றி, மூன்று மொழியிலும் வணக்கம் சொன்னாராம்.

மனேஜர் கொஞ்சம் திகைத்துப் போய், "யெஸ், யெஸ், எங்கேயிருந்து பேசுகிறீர்கள்?" என்றாராம், வெளியே ஏதோ பெரிய இடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று நினைத்து.

"கோப்பு அறையில இருந்து, சேர்" என்றாராம் அம்மா.

அந்தப் புதுப் பிள்ளைக்கும் கந்தோரில் வேறு மேசை கிடைத்தது. அம்மா அடுத்த திங்கட்கிழமை தன் கதிரையில் இருந்தார். நான் அன்றைக்குக் கடையில் ஒரு கலியாண வீட்டுக்காரருக்குக் கூறை காட்டிக்கொண்டிருந்தவன், சீலையை விரித்தபடியே விட்டுவிட்டு முதலாளியின் மேசைக்குப் போனேன். துறைமுகத்தில் எங்கள் பொதி ஒன்றும் நிற்கவில்லை. எண்ணைச் சுழற்றினேன்.

மணி இரண்டாம் தரம் அடிப்பதற்குள் எடுத்தார். கம்பனியின் பெயர். மூன்று வணக்கம். தெளிந்த, மெல்லிய, பழைய குரல்.

நான் ரிசீவரைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"ஹலோ, ஆரோட கதைக்க வேணும்?"

"கொஞ்சம் பொறுங்கோ, இணைக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லும்" என்றேன்.

குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு அம்மா சொன்னார்: "வையுங்கோ ஃபோனை. சிங்கப்பூர் லைன் காத்துக்கொண்டு நிக்குது."